பின்பக்கம் வெள்ளை

ஆணி அடிக்கக் கூடாது.
சாவி கொடுக்கும்போது சோலையப்பன் சொன்ன
ஒரே சட்டம் அதுதான்.
சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்ததை
அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.
செல்லூரில் நாலாயிரத்துக்கு வேறு என்ன கிடைக்கும்.

ஆணியில்லாமல் ஜோடித்தேன்.
விளக்குத்தூண் பக்கம் கிலோக் கணக்கில் வெட்டுத்துணி.
சாயம் கலங்கிய சுங்குடி ஒன்று பாதி விலைக்கு:
கையில் வைத்துப் பார்த்தால் கறை,
ஜன்னலில் தொங்கினால் மேகம்.
கைக்குப் பத்தாமல் போன என் பிளாஸ்டிக் வளையல்கள்
திரைக்கு வளையம்.
யாரோ வயரிங் செய்து மிச்சம் போட்ட பைப்
அதற்குக் கம்பி.

சுடர்விழியின் யூனிபார்ம் பாவாடை
ஆறாம் வகுப்பில் எடுத்தது.
எட்டாம் வகுப்பு நடக்கிறது.
வருஷம் ஒரு மடிப்பு அவிழ்த்தேன்;
அவிழ்த்த இடமெல்லாம் வெயில் படாத நீலம்
கோடு கோடாக நின்று
எங்கள் கணக்கை ஊருக்குச் சொன்னது.
கோட்டை உள்ளே மடித்து ஒரு தையல் ஓட்டினேன்.
இப்போது அது டிசைன்.
அரை இஞ்சு நட்டம்,
அதை அடுத்த வருஷத்தோடு பேசிக்கொள்ளலாம்.

முனீஸின் பேன்ட் முட்டியில் போய்விட்டது.
பைகளை மட்டும் வெட்டி வைத்தேன்.
பை எதற்கும் ஆகும்.

ஓதத்துக்குத்தான் ஃப்ளெக்ஸ்.
காதணி விழா முடிந்து
மண்டப வாசலில் அவிழ்த்துப் போட்டிருந்ததை
முனீஸ் ஷேர் ஆட்டோவின் தலையில் கட்டிக் கொண்டுவந்தார்.
பத்துக்கு எட்டு.
முன்பக்கம் முகங்கள்,
பின்பக்கம் சுண்ணாம்பைவிட வெள்ளை.
சொந்தக்காரர்கள் எல்லாரையும் சுவரைப் பார்க்க நிறுத்தி
பரண் விளிம்பில் கிளிப் மாட்டினேன்.
அன்றிரவு இன்னொரு டியூப்லைட் எரிந்ததுபோல் இருந்தது.

நாலாவது மாதம் வாடகைக்கு வந்தவர்
செருப்பைக் கழற்றினார். அப்போதே வயிற்றைக் கலக்கியது.
“வீடு பளிச்சுன்னு இருக்கேத்தா.
இங்கிட்டு இப்ப அஞ்சுக்குக் கீழ எங்க போகுது?”
கெஞ்சி ஐநூறில் நிறுத்தினோம்.

அதிலிருந்து ஐந்தாம் தேதி காலையானால்
வீட்டுக்குப் பழசு உடுத்திவிடுவேன்.
மேகம் பெட்டிக்குள் போகும்.
கொடியில் இருப்பதிலேயே கிழிந்த துண்டு.
ஃப்ளெக்ஸைத் திருப்புவேன்:
சங்கிலிக் கழுத்தும் கூப்பிய கையுமாக
ஐம்பது பேர் வருக வருக என்று
எங்களை எங்கள் வீட்டுக்கே அழைப்பார்கள்.
சுடர்விழி சிரித்துச் சிரித்து விக்கல் எடுப்பாள்.

ஆடி மாதம் வந்தவர்
பணத்தை எண்ணவில்லை.
கீழ் வரிசையில், ஸ்டாம்பு அளவு முகங்களில்,
குனிந்து ஒன்றைத் தொட்டார்.
மீசை அப்போது கறுப்பு.

“தங்கச்சி மக விசேஷம்.
மச்சானோட பேச்சுவார்த்தை இல்ல. நான் போகல.
தாய்மாமனத்தா நானு,
இம்புட்டுக்கூண்டு போட்டிருக்கானுக.”
கொஞ்ச நேரம் கழித்து,
“போட்டிருக்காளே” என்றார்.

வெட்டித் தரச் சொன்னார்.
பாவாடை வெட்டும் கத்தரியால்
தலைமுடி போகாமல் சதுரமாக வெட்டினேன்.
ஓட்டைக்குள் சுவர் தெரிந்தது.
“இம்புட்டு ஓதமா?”
வேறு யாருடைய வீட்டையோ பார்ப்பதுபோல் கேட்டார்.
“வெள்ளையடிச்சுத் தாரேன்.”
எண்ணாத பணத்தின்மேல் தன் முகத்தை வைத்து
சட்டைப் பையைத் தட்டிக்கொண்டார்.
செருப்பை மாட்டும்போதுதான் ஞாபகம் வந்தது:
“அடிச்சதும் ஒரு ஐநூறு சேத்துக் குடுத்திருத்தா.”

ராத்திரி வெள்ளைப் பக்கம் திருப்பினோம்.
முனீஸின் பேன்ட் பையை ஓட்டைமேல் வைத்து
கோணி ஊசியால் மூன்று பக்கம் தைத்தேன்.
மேலே திறந்திருக்கிறது.
கரண்ட் அட்டை அதில் கச்சிதமாக நிற்கிறது.

வருகிற ஐந்தாம் தேதி
எந்தப் பக்கம் திருப்புவது என்று
இன்னும் முடிவாகவில்லை.